என் வீட்டுக்காரர் மூக்கும் அந்த அக்காவும்

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்தவுடன் தும்முவார். படுக்கையில் உட்கார்ந்தபடியே ஆரம்பிக்கும். பல் விளக்கப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் நாங்கள் இருக்கும் வரிசை வீட்டில் சுவர் மெல்லியது. உங்கள் வீட்டில் தும்மல் கேட்டால்தான் நான் கடை திறக்க எழுந்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுச் சீனர் என்னிடம் மலாயில் கேலி செய்வார். நான் சிரித்துவிட்டு அடுப்பில் வெந்நீர் வைக்கப் போவேன்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மூக்கு என் பொறுப்பு. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பேன். இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுத் தேநீர் கொடுப்பேன். நெஞ்சிலும் முதுகிலும் தைலம் தேய்த்துவிடுவேன். ஐஸ் போட்ட மைலோ பானத்தைக் கண்ணில் காட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டும்போது, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காட்டுவேன். சளி இளகும் என்று நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் சொல்வார்கள். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றுக்கும் குனிந்து கொடுப்பார். ஆவி பிடித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து நிமிரும்போது கொஞ்ச நேரம் மூச்சு நன்றாகப் போகும். அப்போது துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுநாளும் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

எனக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். அதிகமாகவே வேலை செய்யும் என்று சொல்லலாம். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் மரத்துக் கித்தாப் பால் புளித்த வாடையில் வளர்ந்தவள் நான். இப்போது ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறேன். தேங்காய்ப்பால் கெட்டுவிட்டதா, கோழி நேற்று வெட்டியதா என்று சந்தேகம் வந்தால் என் மூக்குக்கு நேராகத்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். இவர் தும்மலும் அடைப்புமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, என்னுடையதில் பாதியைப் பிடுங்கிக் கொடுக்க முடிந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்திருக்கிறேன்.

இவருக்கு ஈப்போவில் ஒரு பேரங்காடியின் சாமான் கிடங்கில் வேலை. ஒருநாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே சொன்னார்.

"இந்தச் சொட்டு மருந்த நிறுத்தணுமாம். அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?" என்றேன். இவருக்கு உடன்பிறந்த பெண்களே கிடையாது.

"ஸ்டோர்ல புதுசா வந்திருக்காங்கலா. சாமான் வர்றது போறது எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. அவங்களுக்கும் என்ன மாதிரியேதான் மூக்கு."

அந்த அக்காவைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். எங்களைவிடக் கொஞ்சம் வயது கூடியவர். தமிழ் முஸ்லிம். அண்ணன் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், மகன் சிங்கப்பூரில். இதையெல்லாம் இவர் ஒரே மூச்சில் சொன்னார். அடைத்த மூக்கோடு அவ்வளவு நீளமாக அவர் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை.

சொட்டு மருந்து என்று அவர் சொன்னது மருந்துக்கடையில் சும்மா வாங்குகிற மூக்கடைப்பு மருந்து. விட்டவுடன் மூக்கு திறந்துவிடும். சில மணி நேரம் போனால் முன்பைவிட இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் விட வேண்டும். மாதக்கணக்கில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் ஒன்று, காரில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று.

"மூணு நாலு நாளைக்கு மேல அத விடக் கூடாதாம். அப்புறம் அந்த மருந்தே மூக்க அடைக்க ஆரம்பிச்சிருமாம். அவங்களும் அப்படி மாட்டிக்கிட்டு முழிச்சவங்கதான். அரசாங்கக் கிளினிக்குக்குப் போயி முறையா காட்டுங்க தம்பினாங்க."

கிளினிக்குக்குப் போங்கள் என்று நான் எத்தனை வருஷமாகக் கெஞ்சியிருக்கிறேன். மூக்குக்கெல்லாம் யாராவது எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுப்பார்களா என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அக்கா சொன்ன அதே வாரத்தில் எம்.சி. எடுத்தார். நான் கேன்டீனில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தனியாகப் போய்க் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் கையில் ஒரு ஸ்ப்ரே, ஒரு பட்டை மாத்திரை. முகம் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது. அலர்ஜியாம். நமக்குக் கண்ணுக்கே தெரியாத தூசிப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்குமாம். அதனுடைய எச்சம் மூக்கில் ஏறினால் தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல், அடைப்பு. கிடங்கில் அட்டைப்பெட்டித் தூசி வேறு. அடியோடு போகாதாம், ஆனால் அடக்கி வைக்கலாமாம்.

"இந்த ஸ்ப்ரே அந்தப் பழைய மருந்து மாதிரி இல்ல. அடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. தெனமும் அடிக்கணும், ஒரு வாரம் ரெண்டு வாரம் போனாத்தான் வேலை செய்யும். நல்லாயிருச்சின்னு நடுவுல விட்டுறக் கூடாது."

"டாக்டர் சொன்னாங்களா?"

"டாக்டரும் சொன்னாங்க. அக்காவும் சொன்னாங்க."

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எனக்குச் செய்து காட்டினார். முதலில் உப்புத் தண்ணீர். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் மருந்துக்கடைப் பொடியைக் கலந்து, ஒரு பிளாஸ்டிக் குப்பியால் ஒரு மூக்கில் பீய்ச்சி மறு மூக்கு வழியாக வெளியே விட வேண்டும். முதல் நாள் பாதி தொண்டைக்குள் போய் இருமித் தீர்த்தார். அப்புறம் ஸ்ப்ரே. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுவில் அடித்தால் புண்ணாகி ரத்தம் வருமாம். அடித்தபின் சர்ரென்று உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

"கையை மாத்திப் புடிக்கிறது அக்கா சொல்லிக் குடுத்த டெக்னிக்" என்று சொல்லிவிட்டு, அந்த ஸ்ப்ரேக் குப்பியைச் சோப்பு டப்பா பக்கத்தில் நிறுத்தி, கைப்பேசியில் படம் எடுத்து, அந்த அக்காவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. கட்டைவிரல் தூக்கிய படம்.

நான் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றிருந்தேன்.

"இன்னிக்கு ஆவி வேணாமா?"

"வேணாம். டாக்டர்கிட்ட கேட்டேன். ஆவி அந்த நேரத்துக்குச் சொகமா இருக்கும், அதுனால நோய் போகாதாம். கொதிக்கிற தண்ணி மேல கொட்டிக்கிட்டு வர்றவங்கதான் அதிகமாம்."

அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் கால்வாயில் ஊற்றினேன். இலை பச்சை கூட மாறவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய கைப்பேசி சத்தம் போட்டாலே என் காது அங்கேதான் போகும். அவர் குளிக்கும்போது எடுத்துப் படித்திருக்கிறேன். அக்கா எழுதியிருப்பார்: "தம்பி இன்னிக்கு எப்படி? எனக்கு இடது ஓகே, வலது சுத்தமா அடைப்பு." இவர் பதில்: "காலைல ரெண்டு தும்மல் மட்டும் அக்கா." அக்கா: "அல்ஹம்துலில்லாஹ்! விடாம அடிங்க." எந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், எதைச் சாப்பிட்டால் கார் ஓட்டலாம், மழை பெய்து ஓய்ந்த நாளில் யாருக்கு மோசம், இதுதான் பேச்சு. ஒரு தப்பான வார்த்தை கிடையாது. ஒரு வார்த்தையாவது தப்பாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் போய்விட்டது.

என் தங்கை செத்தியவானில் இருக்கிறாள். அவளுக்கு ஃபோன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"அக்கானு கூப்புடுற பொம்பளைய பாத்தா உனக்குப் பொறாமை? அதுவும் மூக்கச் சிந்துறதப் பத்திப் பேசுறாங்கனு? யாராச்சும் கேட்டா என்னா சொல்லுவே?"

அதுதான் என் கஷ்டமே. யாரிடமும் சொல்ல முடியாத பொறாமை. அவர்கள் இருவருக்கும் ஒரே வியாதி. மூச்சு போகாமல் வாயைத் திறந்துகொண்டு விடிய விடியப் படுத்திருப்பது எப்படி என்று அந்த அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் வெளியே நின்று வெந்நீர் கொடுத்தவள். அந்த அக்கா உள்ளே இருப்பவர்.

மெத்தை விஷயம் அடுத்து வந்தது. எங்கள் கட்டிலில் இருந்தது கெகாபு மெத்தை, அதாவது இலவம்பஞ்சு அடைத்தது. தோட்டத்து எல்லையில் நின்ற மரத்துப் பஞ்சு. என் அம்மா சேர்த்துச் சேர்த்து வைத்து, நான் கல்யாணமாகி வரும்போது தைத்துக் கொடுத்தது. பஞ்சு கட்டி தட்டிப்போய் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, ஆனாலும் அதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. மாசத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு அடிப்பேன். தூசி பறக்கும். இவர் தும்முவார்.

"பழைய பஞ்சு மெத்தைதான் பூச்சிக்கு அரண்மனைனு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அக்கா சொன்னாங்களா?"

"டாக்டர் சொன்னாங்க" என்றார். பொய் என்று தெரிந்தது.

நான் மறுக்கவில்லை. அவர் மூச்சைவிட மெத்தையா பெரிது? லாரிக்காரர் வந்து தூக்கிப்போனார். புது மெத்தை வாங்கி, அதற்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை போட்டோம். வாரம் ஒருமுறை போர்வை எல்லாம் சுடுதண்ணீரில் துவைத்தேன். கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். திரைச்சீலையை மெல்லிய துணியாக மாற்றினேன். என் கையாலேயே எல்லாம் செய்தேன். அந்த அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார், நான் செய்துகொண்டே இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கரி மூட்டும்போது அவர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"சாம்பிராணியும் கொஞ்ச நாளைக்கு வேணாம்மா."

"இதையும் டாக்டர் சொன்னாங்களா?"

"இல்ல. பொகை எனக்கு ஆவறதில்லனு அக்காகிட்ட சொன்னேன். நிறுத்திப் பாருங்கனாங்க."

"எவ்வளவு நாளா ஆவல?"

அவர் தரையைப் பார்த்தார். "மொதல்ல இருந்தே."

மூட்டிய கரியில் தண்ணீர் தெளித்து அணைத்தேன். மெத்தை போனதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை! எவ்வளவு ஆசையாக அவர் முகத்துக்கு நேரே புகையை விசிறியிருக்கிறேன்! ஒரு நாளாவது 'போதும், மூச்சு முட்டுது' என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே. கிடங்கில் அறிமுகமான ஒருத்தியிடம் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு நம்பிக்கையா போடுவ. எப்படிச் சொல்றது?"

நல்ல மனசுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல மனசு எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லாமல் இருந்துவிட்டது.

ஸ்ப்ரே வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தும்மல் குறைந்தது, குறட்டை குறைந்தது, வாயை மூடிக்கொண்டு தூங்கினார். ஒருநாள் நான் மீன் கறி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"என்னா வாசம் இது?"

"வெந்தயம்தான். எப்பவும் போடுறதுதானே."

"எனக்கு இப்பதான் வருது" என்று சட்டி பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. பல வருஷமாகத் தனக்கு வாசனையே சரியாகத் தெரிந்ததில்லை என்று அன்றுதான் சொன்னார். உப்பு, புளிப்பு, காரம் தெரியும். மீதி எல்லாம் மங்கலாம்.

"அப்ப நல்லாருக்கு நல்லாருக்குனு சாப்பிட்டீங்களே?"

"நல்லாத்தானே இருந்துச்சி. காரம் கரெக்டா இருக்கும்லா."

ஊரே என் கைமணத்தைப் புகழும். கட்டியவர் மணமே தெரியாமல் இத்தனை காலம் தட்டைக் காலி செய்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு வாசனை தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அடுத்த வாரமே தோன்றியது. பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தால் ஜன்னலைத் திறந்தார். ஐஸ்பெட்டியைத் திறந்து மூக்கைச் சுளித்தார். என் தலையெண்ணெய் இவ்வளவு வாடையா என்று கேட்டார்.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "உங்களுக்கு வாசனை தெரியாதுனு அக்காவுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் மொதல்ல கேட்டாங்க. அவங்களுக்கும் அப்படித்தானே."

அந்த அக்காவை நான் நேரில் பார்த்தது ஒரு கல்யாணப் பயணத்தில். கிடங்கில் இவரோடு வேலை செய்யும் பையனுக்கு ஆயர் தாவாரில் கல்யாணம். அக்காவுக்கு வண்டி இல்லை, நம்மோடு வரட்டும் என்றார். நான் முன் சீட்டில் உட்காராமல் பின்னால் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான்.

ஒல்லியான பெண்மணி. சுத்தமான சாம்பல் நிறத் துடோங் முக்காடு. கண்ணுக்குக் கீழே கருவளையம். பார்த்தவுடன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஆவி புடிக்க வச்சே தம்பிய இவ்வளவு காலம் காப்பாத்தியிருக்கீங்க. எனக்கெல்லாம் ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுக்க ஆள் இல்லமா."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஏறவில்லை. ஆவி பிடித்ததையும் இவர் அங்கே சொல்லியிருக்கிறார் என்பதுதான் எனக்குள் ஓடியது. வெளியே எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் போய்க்கொண்டே இருந்தது. நான் பிறந்த இடம், ஒன்றையும் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு வாடை வந்தது. அத்தர் வாசனைக்கு அடியில், சொத்தைப் பல்லில் தங்கிய சோறு மாதிரி, அழுகல் வாடை. ஏசி காற்று அக்கா பக்கமிருந்து வரும்போதெல்லாம் வந்தது. முதலில் காரில் ஏதாவது கிடக்கிறதா என்று காலடியில் பார்த்தேன். அப்புறம் அக்கா கைக்குட்டையை எடுத்து வலது மூக்கைத் துடைத்தார். கைக்குட்டையில் மஞ்சள் கறை. வாடை அதிலிருந்துதான் வந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த இவருக்கு அது எட்டவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வரக்கூடாததுதான். வந்தது.

கல்யாண வீட்டில் முஸ்லிம் விருந்தாளிகளுக்குத் தனி மேசை. அக்கா அங்கே போய் உட்கார்ந்ததும் நான் இவரைத் தனியாக இழுத்துப் போனேன்.

"உங்க அக்கா மூக்குல நாத்தம் அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

அவர் என் கையை விலக்கினார்.

"அவங்க நமக்கு என்னா கெடுதல் பண்ணுனாங்க? பொறாமைல வாய்க்கு வந்ததப் பேசாதே."

திரும்பி வரும்போது இவர் ரேடியோவைப் போட்டுவிட்டார். அக்கா தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, வலது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு.

பிறகு சில நாள் இவரோடு நான் அளந்துதான் பேசினேன். பொறாமையில்தான் சொன்னேன், அது எனக்கே தெரியும். ஆனால் வாடை பொய்யில்லை. அந்தக் கன்னத்தைத் தாங்கிய கை கேன்டீனில் நிற்கும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் இவர் கைப்பேசியிலிருந்து எண்ணை எடுத்து, என்னுடையதிலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா, நான் தம்பி வீட்டுக்காரம்மா பேசுறேன். தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு கார்ல உங்க மூக்குல இருந்து ஒரு வாடை வந்துச்சி. அலர்ஜி மாதிரி இல்ல. எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. ஒரு தடவ காட்டிருங்க."

திட்டிவிட்டு ஃபோனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஒரு பக்கம்தான் தங்கச்சி" என்றார் மெதுவாக. "வலது பக்கம் மட்டும். மாசக்கணக்கா ஸ்ப்ரே அடிக்கிறேன், இடது சரியாயிருச்சி, இது மட்டும் கேக்க மாட்டேங்குது. கன்னம் கனமா இருக்கு. வாடை வருதா? யா அல்லா, எனக்குத் தெரியவே இல்லையேமா. எத்தன பேர் பக்கத்துல ஒக்காந்திருக்கேன்!"

அழுதார். பிறகு சொன்னார்: "தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க. வெக்கமா இருக்கு."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியும்ங்கிறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. கல்யாண வீட்ல நான் சொன்னத மறந்துருங்க." அவர் "உண்மையிலேயே வாடை வந்துச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். பிறகு அக்காவுக்கு ஏதோ எழுதக் கைப்பேசியை எடுத்தவர், யோசித்து, எழுதாமலே கீழே வைத்தார். அக்காவுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. கேவலம்தான், ஆனால் பிடித்திருந்தது.

கிளினிக்கில் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வேர் வரைக்கும் சிகிச்சை செய்த ஒரு மேல் கடைவாய்ப் பல் அடியில் சீழ் பிடித்து, மேலே கன்னத்து சைனஸுக்குள் போயிருந்ததாம். அலர்ஜியும் இருந்ததால் எல்லாம் அலர்ஜி என்றே அக்கா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே பக்கம் மட்டும் விடாமல் அடைத்தாலோ, நாற்றமடித்தாலோ, ரத்தம் வந்தாலோ ஸ்ப்ரேயை நம்பிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். பல்லை எடுத்தார்கள். மருந்து கொடுத்தார்கள். அதோடு முழுசாக அடங்கவில்லை என்பதால் பிறகு மூக்கு வழியாகவே கருவி விட்டு சைனஸைச் சுத்தம் செய்தார்கள்.

உடம்பு தேறியதும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் கடையிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறையக் கேசரி. இவர் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "என்னாதான்கா சொன்னாங்க ஆஸ்பத்திரில?" என்று கேட்டார். நடிப்பு அவ்வளவு மோசம். காது மடல் சிவந்திருந்தது.

"சைனஸ்தான் தம்பி. பல்லுல இருந்து வந்திருக்கு" என்று அக்கா மேலோட்டமாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டீயை ஊற்றிக்கொண்டே கீழே பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசலில் அக்கா சொன்னார், மறுபடியும் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று.

"நான் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்கா" என்றார் இவர் உடனே.

"நீங்க வேலைக்குப் போங்க. பள்ளிக்கூடம் லீவுதானே, நான் போயிட்டு வாரேன்" என்றேன்.

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் எவ்வளவு நல்லவள் என்று பக்கத்து வீட்டுச் சீனரிடம்கூடச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஏன் போனேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நீண்ட நேரம் காத்திருந்தோம். அக்கா நிறையப் பேசினார். கணவர் இருந்த காலத்தில் தனக்குத் தலை பிடித்துவிட்டதை, மகன் கூப்பிடாத நாட்களை, கிடங்கில் ஏசி நேராகத் தலைமேல் அடிப்பதை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்கும் அந்த மனுஷியைப் பிடிக்க ஆரம்பித்தது. ஆனால் பிடித்ததால் மற்றது போய்விடவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன. இவரும் இப்படித்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும்போது நெஞ்சில் சுருக்கென்றது.

டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது, சீழ் இல்லை, அலர்ஜிக்கான ஸ்ப்ரேயை மட்டும் விடாமல் அடியுங்கள் என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உட்கார்ந்தோம். அக்கா நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, முகத்தை என் பக்கம் கொண்டுவந்தார்.

"இப்ப வருதா தங்கச்சி? உண்மையச் சொல்லுங்க."

நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். சோப்பு, அத்தர், மருந்து. வேறு ஒன்றும் இல்லை.

"இல்லக்கா. சுத்தமா இருக்கு."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

அப்போது மேசைமேல் கைப்பேசி அடித்தது. என்னுடையதும் அங்கேதான் பக்கத்தில் கிடந்தது. அடித்தது அக்காவுடையது. திரையில் என் வீட்டுக்காரர் முகம், கிடங்குச் சட்டையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்தப் படம் என்னிடம் இல்லை.

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பேசுங்கமா."

வாங்கிக் காதில் வைத்தேன். "என்னாக்கா, டாக்டர் என்னா சொன்னாங்க?" என்றார் அவசரமாக.

"எல்லாம் ஆறிருச்சாம்" என்றேன். "சாயங்காலம் வரும்போது மீன் வாங்கிட்டு வாங்க. மோந்து பாத்து வாங்குங்க."